பெரிதாக்கிய பென்சில் ஏன் கம்பாகத் தெரிகிறது?

ஊசிநூல்:
அனைவருக்கும் வணக்கம். சிறுவர் வாசிப்பறை ஒன்றை அலங்கரிக்கும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. மேசை மேல் கிடக்கும் சிறு பொருள்களை ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கிச் சிலவற்றைக் கூரையிலிருந்து தொங்கவிடவும், சிலவற்றை மூலைகளில் நிறுத்தவும் எண்ணியிருக்கிறேன். ஒரு பென்சில், ஒரு நூல்கண்டு, நான்கைந்து பொத்தான்கள் என்பது திட்டம். கையில் இருப்பவை நெளி அட்டைப் பெட்டிகள், பழைய செய்தித்தாள், வெள்ளைப் பசை, கொஞ்சம் தெர்மோகோல், மீந்துபோன சுவர் வண்ணம் ஆகியவைதாம்.

பென்சிலை முதலில் செய்து முடித்தேன். புதுப் பென்சில் ஒன்றை அளந்து பார்த்ததில் நீளம் 18 செ.மீ., குறுக்களவு 7 மி.மீ. என வந்தது. அப்படியே பத்தால் பெருக்கி, 1.8 மீ. நீளமும் 7 செ.மீ. குறுக்களவும் உள்ள அட்டைக் குழாயில் மஞ்சள் தாளைச் சுற்றி, முனையில் கூம்பு ஒன்றை ஒட்டினேன். கணக்கில் பிழையில்லை. ஆனால் அறையின் மறுகோடியில் நின்று பார்த்தால் மஞ்சள் கம்பு ஒன்று சுவரில் சாய்ந்திருப்பது போலத்தான் இருக்கிறது. துடைப்பத்தின் கைப்பிடியா என்று ஒருவர் கேட்டே விட்டார். எங்கே தவறினேன் என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால், அடுத்த பொருளைத் தொடங்குமுன் திருத்திக்கொள்வேன். மூன்று வாரங்கள் இருக்கின்றன.

கத்தரி:
ஊசிநூல் அவர்களே, நீங்கள் நீளத்தையும் அகலத்தையும் பெருக்கினீர்கள். மற்ற எதையும் பெருக்கவில்லை. பென்சிலைக் கையில் பிடிக்கும்போது அதன் ஆறு பட்டைகள், சீவிய இடத்தில் வண்ணமும் மரமும் சந்திக்கும் வளைகோடு, கரிமுனையின் மழுங்கல், மறுமுனையில் வட்டமாகத் தெரியும் கரி ஆகியவை எல்லாம் கண்ணில் படுகின்றன. இவை ஒவ்வொன்றும் அதே மடங்கில் வளர்ந்து நின்றால்தான் பார்ப்பவர் தாம் சிறுத்துப்போனதாக உணர்வார். இல்லாவிட்டால் அந்த அளவில் உலகில் ஏற்கெனவே இருக்கும் வேறொரு பொருள், உங்கள் விஷயத்தில் துடைப்பக் கட்டை, அவர் மனத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

முதலில் புதுப் பென்சிலை விடுங்கள். பாதி தேய்ந்த, 9 செ.மீ. நீளமுள்ள பென்சிலை மாதிரியாகக் கொண்டு இருபது மடங்கு பெருக்கினால் அதே 1.8 மீ. வரும், ஆனால் எதிரெதிர்ப் பட்டைகளுக்கு இடையே 14 செ.மீ. கிடைக்கும். அந்தப் பருமனில்தான் நுணுக்கங்களைக் காட்ட இடம் இருக்கும். கரியின் குறுக்களவு உண்மையில் ஏறத்தாழ 2 மி.மீ. என்பதால், இங்கே அது 4 செ.மீ. ஆகும். முனையைக் கூராக விட வேண்டாம். எழுதிய பென்சிலின் முனை அரை மில்லிமீட்டராவது மழுங்கியிருக்கும், அது இருபது மடங்கில் 1 செ.மீ. ஆகிவிடும்.

அடுத்து அந்த வளைகோடு. பென்சிலை வரையச் சொன்னால் பலரும் அங்கே ஒரு கோணல்மாணல் கோட்டை இழுத்துவிடுவார்கள். திருகியால் (ஷார்ப்னரால்) சீவிய ஆறுபட்டைப் பென்சிலை எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு பட்டையின் நடுவிலும் வண்ணம் நாக்குப் போல முனையை நோக்கி நீண்டிருக்கும். பட்டைகள் சேரும் விளிம்புகளில் மரம் பின்னோக்கி ஏறியிருக்கும். கூம்பை அதன் அச்சுக்கு இணையான தளம் ஒன்று வெட்டினால் அதிபரவளையம் உண்டாகும் என்று பள்ளிக் கணிதத்தில் படித்தோமே, அந்த வளைகோடேதான் ஒவ்வொரு பென்சிலிலும் ஆறு முறை இருக்கிறது.

உங்கள் அளவுக்கு மையத்திலிருந்து பட்டையின் நடுவுக்கு 7 செ.மீ., விளிம்புக்கு 8.1 செ.மீ. சாதாரணத் திருகி சீவும் கூம்பின் உயரம் அதன் ஆரத்தைப் போல ஏறத்தாழ ஐந்து மடங்கு இருக்கும். ஆகவே கூர் வரை நீட்டிக் கணக்கிட்டால் பட்டையின் நடு கூரிலிருந்து 35 செ.மீ. தொலைவிலும், விளிம்பு 40.4 செ.மீ. தொலைவிலும் முடியும். நாக்கின் நீளம் 5.4 செ.மீ. நடுவிலிருந்து 2 செ.மீ. விலகிய இடத்தில் கோடு 1.4 செ.மீ. மட்டுமே பின்வாங்கும்; மீதி 4 செ.மீ. விளிம்புக்குப் போகும் வழியில் வேகமாக இறங்கும். இதை ஓர் அட்டைத் துண்டில் வரைந்து வெட்டி வைத்துக்கொண்டால் ஆறு பட்டைகளுக்கும் அதுவே அச்சாகும். கூம்பை விரித்த தாள் 41.2 செ.மீ. ஆரமும் ஏறத்தாழ 71 பாகைக் கோணமும் கொண்ட வட்டத்துண்டாக இருக்கும். அதன் அடிவிளிம்பிலும் அதே வளைவை உட்குழிவாக வெட்டிவிட்டால் இரண்டும் விளிம்போடு விளிம்பாகப் பொருந்தும்.

பொறுமை இல்லையென்றால் கத்தியால் சீவிய பென்சிலைச் செய்யுங்கள். அதில் ஒழுங்கற்ற பட்டைகள்தாம் இருக்கும், அதிபரவளையம் கேட்காது.

நெளிதாள்:
கத்தரி அவர்கள் கொடுத்த அளவுகளை நெளி அட்டையில் எப்படிக் கொண்டுவருவது என்பதைச் சொல்கிறேன். ஆறு பட்டைகளும் தலா 8.1 செ.மீ., ஒட்டுவதற்கு 3 செ.மீ. மடிப்பு, ஆக மொத்தம் 51.6 செ.மீ. அகலம் வேண்டும். அட்டையின் உள்நெளிவுகள் பென்சிலின் நீளவாக்கில் ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் நடுவில் தொய்ந்து மடங்கிவிடும். இதில் ஒரு தொல்லை உண்டு. நெளிவுக்கு இணையாக மடிக்கும்போது மடிப்பு நீங்கள் வரைந்த கோட்டில் நிற்காமல் பக்கத்துப் பள்ளத்துக்குத் தாவிவிடும். இரும்பு அளவுகோலை அழுத்திப் பிடித்து, மை தீர்ந்த பந்துமுனைப் பேனாவால் இரண்டு மூன்று முறை ஒரே கோட்டில் இழுத்த பிறகு மடித்தால் தாவாது.

1.8 மீ. நீளத்துக்கு ஒரே அட்டை கிடைப்பது அரிது. இரண்டு துண்டுகளை இணைக்கும்போது ஆறு பட்டைகளின் இணைப்பும் ஒரே வளையத்தில் வராதபடி முன்பின்னாக வெட்டி, உட்புறம் அட்டைப் பட்டி வைத்து ஒட்டுங்கள். உள்ளே 30 செ.மீ.க்கு ஒன்றாக அறுகோணக் குறுக்குத் தட்டுகளைச் செருகிவிட்டால் பட்டைகள் உள்வாங்காது. தட்டின் அளவில் அட்டையின் 3 மி.மீ. தடிப்பைக் கழிக்க மறக்காதீர்கள். நான் முதன்முதலில் கழிக்காமல் விட்டதில், கர்ப்பம் தரித்த பென்சில் ஒன்று உருவானது. கூம்புக்கு மட்டும் நெளி அட்டை ஆகாது. சார்ட் அட்டையை இரண்டு அடுக்காக ஒட்டிப் பசை காய்வதற்குள் சுருட்டிவிடுங்கள்.

தூரிகை:
இத்தனை மடிப்பும் கணக்கும் எதற்கு? தெர்மோகோல் பலகைகளை அடுக்கி ஒட்டி, சூட்டுக் கம்பியால் அறுத்தால் ஒரு மாலையில் பென்சில், பொத்தான் எல்லாம் முடிந்துவிடும். அதில் ஏறத்தாழ 98 விழுக்காடு காற்றே என்பதால் எடையும் இல்லை.

ஒன்றை மட்டும் அனுபவத்தில் சொல்கிறேன். தெளிப்பு வண்ணத்தை அதன்மேல் நேரடியாக அடிக்காதீர்கள். அரை மீட்டர் அகலத்தில் பொத்தான் ஒன்றை அறுத்து, தேய்த்து, மெருகேற்றி, கடைசியில் பளபளப்புக்காகத் தெளிப்பு வண்ணம் அடித்தேன். சில நொடிகளில் அம்மை வடு விழுந்த முகம் போல ஆகிவிட்டது. அவ்வண்ணங்களில் உள்ள கரைப்பான், தெர்மோகோலின் மூலப்பொருளான பாலிஸ்டைரீனைக் கரைத்துவிடும். வெள்ளைப் பசையை இரண்டு பூச்சு பூசி நன்றாகக் காயவிட்டு, நீரில் கரையும் வண்ணத்தைத் தூரிகையால் பூசுவதே வழி. பசைத் துப்பாக்கியையும் குறைந்த சூட்டில் வையுங்கள். பாலிஸ்டைரீன் 100 பாகை செல்சியசு அளவிலேயே இளகிவிடும். உயர்சூட்டுப் பசை ஒட்டுவதற்குப் பதிலாகக் குழி பறிக்கும்.

நெளிதாள்:
தூரிகை அவர்களின் வேகத்தை மறுக்கவில்லை, இடத்தைத்தான் மறுக்கிறேன். இது குழந்தைகள் உட்கார்ந்து படிக்கும் அறை. தெர்மோகோல் தீப்பிடித்தால் கரும்புகை கக்கிக்கொண்டு உருகிச் சொட்டும். அதைத் தலைக்கு மேல் விளக்குகளின் அருகே தொங்கவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அட்டையும் எரியும்தான், ஆகவே எதைத் தொங்கவிட்டாலும் சூடேறும் விளக்குகளிலிருந்து நன்றாக விலக்கியே வைக்க வேண்டும். அறுக்கும்போது எழும் புகையும் மூச்சுக்கு நல்லதன்று. சன்னல்களைத் திறந்து வைத்துத்தான் அறுக்க வேண்டும். குழந்தைகள் கிள்ளிக் கிள்ளி உதிர்க்கும் வெள்ளை மணிகளைப் பெருக்குபவர்களிடமும் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.

தூரிகை:
ஏற்றுக்கொள்கிறேன். தொங்குவதற்கு அட்டை, மூலையில் கூட்டின் உள்ளே மறைந்திருக்கும் நிரப்புக்கு மட்டும் தெர்மோகோல் என்று வைத்துக்கொள்ளலாம். அதையும் காகிதத்தால் மூடிவிட வேண்டும்.

ஊசிநூல்:
மிக்க நன்றி. பழைய கம்பை ஓரமாக வைத்துவிட்டேன். நூல்கண்டைப் பற்றியும் கேட்டுவிடுகிறேன். 60 செ.மீ. உயரத்தில் செய்ய எண்ணி, மேலும் கீழும் வட்டத் தட்டு வைத்து, நடுவில் 35 செ.மீ. குறுக்களவுள்ள அட்டை உருளையை நிறுத்தி, அதில் சிவப்புத் தாள் சுற்றிப் பார்த்தேன். முரசு போல இருக்கிறது. கத்தரி அவர்கள் சொன்னபடி பார்த்தால் நூலையும் பெருக்க வேண்டும் என்று புரிகிறது, ஆனால் எவ்வளவு?

பசைக்குடம்:
தம்பியோ தங்கையோ தெரியவில்லை, வயதில் மூத்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன். முரசாகத் தெரிந்ததற்குக் காரணம் நூல் இல்லாததுதான். உண்மையான கண்டு 4 செ.மீ. உயரம் என்றால் உங்களுடையது பதினைந்து மடங்கு. தையல் நூலின் தடிப்பு கால் மில்லிமீட்டர் அளவு; பதினைந்தால் பெருக்கினால் 4 மி.மீ.க்குச் சற்றுக் குறைவு. அதாவது 4 மி.மீ. பருத்திக் கயிறு உங்களுக்கு ஏறத்தாழ அச்சொட்டான தையல் நூல். அதன் முறுக்குக்கூட நூலின் முறுக்கைப் போலவே தெரியும், அதைச் செய்ய நீங்கள் எதுவும் மெனக்கெட வேண்டாம்.

கயிறு எவ்வளவு வேண்டும் என்று இப்போதே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். உருளையைச் சுற்றி ஒரு சுற்றுக்கு 1.1 மீ. நூல் நிற்கும் உயரம் 50 செ.மீ. என்றால் 125 சுற்று, ஏறக்குறைய 138 மீ. மலைக்க வேண்டாம், ஒரே அடுக்குதான். உள்ளே வெறும் அட்டை. 8 மி.மீ. கயிறு வாங்கினால் பாதி நீளம் போதும், ஆனால் அது சட்டை தைக்கும் நூலாக இருக்காது, சாக்குத் தைக்கும் சணலாகிவிடும். சுற்றுகளை அளவுகோல் வைத்த மாதிரி நேராக அடுக்காமல் சற்றே சாய்வாகவும், சில இடங்களில் ஒன்றின்மேல் ஒன்று ஏறியும் சுற்றுங்கள். மேல்தட்டின் ஓரத்தில் ஒரு வெட்டுப் போட்டு நூலின் நுனியை அதில் செருகி, ஒரு முழம் கீழே தொங்கவிட மறக்காதீர்கள். அந்த வெட்டைக் கண்டவுடன் பார்ப்பவர் வாயில் நூல்கண்டு என்ற சொல் தானாக வந்துவிடும்.

பொத்தான்களுக்குக் காகித அடுக்குதான் என் தேர்வு. ஒன்றரை செ.மீ. பொத்தானை முப்பது மடங்கு பெருக்கினால் 45 செ.மீ. தட்டும், 6 செ.மீ. அகலத்தில் நான்கு துளைகளும் வரும். அட்டை வட்டங்களை ஒட்டி, ஓரத்தில் செய்தித்தாளை முறுக்கிச் சுற்றி விளிம்பு எழுப்பி, அதன்மேல் பசைக் காகிதம் ஒட்டுங்கள். காகிதத்தைக் கத்தரியால் வெட்டக் கூடாது, கிழிக்க வேண்டும். கிழித்த ஓரம் நாராகப் பிரிந்து அடுத்த துண்டோடு கலந்துவிடும், வெட்டிய ஓரம் வண்ணம் பூசிய பிறகும் கோடாக நிற்கும். ஓர் அடுக்கு அச்சுத்தாள், அடுத்த அடுக்கு வெள்ளைத்தாள் என்று மாற்றி ஒட்டினால் எங்கே விட்டுப்போயிற்று என்பது கண்ணுக்கே தெரியும். மூன்று நான்கு அடுக்குகள் போதும், ஒவ்வொன்றும் முழுதாகக் காய்ந்த பின்னரே அடுத்தது. ஒரு நாள் பொறுக்க மாட்டாமல் ஈரத்தின்மேல் ஈரமாக ஒட்டினால் உள்ளே பூஞ்சை பிடித்து நாறும். தட்டையான பொருளின் ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் காயும்போது அப்பளம் போல வளைந்துவிடும். இரு பக்கமும் ஒட்டுங்கள்.

மாவுப் பசையில் பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் சேர்க்கும் பழக்கம் எங்கள் தலைமுறைக்கு உண்டு. அது நஞ்சு. குழந்தைகள் தொடும் பொருளுக்கு வெள்ளைப் பசையையே நீர் கலந்து பயன்படுத்துங்கள்.

வெற்றுத்தாள்:
நான் சற்று மாறுபடுகிறேன். எல்லாவற்றையும் இம்மி பிசகாமல் பெருக்கினால்தான் பெரிது பெரிதாகத் தெரியும் என்பது உண்மையா? சிற்பி கிளாஸ் ஓல்டன்பர்க் 1960-களில் தட்டச்சுப்பொறி போன்ற கெட்டியான பொருள்களைத் துணியில் தைத்துத் தொய்ந்து கிடக்கும்படி செய்தார். விசைகளின் எண்ணிக்கையை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. ஆயினும் அது தட்டச்சுப்பொறிதான் என்பதில் யாருக்கும் ஐயம் இல்லை. கெட்டியானது தொய்ந்து போனதே அங்கே வியப்பு. ஊசிநூல் அவர்கள் பென்சிலைப் பஞ்சடைத்த துணியில் தைத்து, நடுவில் வளைத்துத் தொங்கவிட்டால் இந்தக் கணக்கெல்லாம் தேவையில்லை, தலையில் விழுந்தாலும் யாருக்கும் வலிக்காது.

கத்தரி:
நல்ல எடுத்துக்காட்டு, ஆனால் அதே சிற்பி பிலடெல்பியாவில் 1976 இல் நிறுத்திய துணிக்கவ்வியையும் பாருங்கள். 45 அடி உயரம், உருக்கு. பொருள் மாறியது, அளவு மாறியது. இரண்டு கைகளும் அவற்றைப் பிடிக்கும் கம்பிச் சுருளும் மட்டும் உரிய இடத்தில் நிற்கின்றன. எதை விட்டுவிடலாம், எதை விடக் கூடாது என்ற தேர்வுதான் இரண்டிலும் இருக்கிறது. பென்சிலில் எழுத்துகள் பொறித்திருப்பதை விட்டுவிடலாம், வண்ணத்தின் பெயரை விட்டுவிடலாம். நாக்குகளை விட்டால் போயிற்று. துணிப் பென்சிலானாலும் அந்த நாக்குகளைத் தைத்தே ஆக வேண்டும் என்பேன்.

வெற்றுத்தாள்:
துணியில் அதிபரவளையம் தைப்பது அட்டையில் வெட்டுவதைவிட எளிது, ஆகவே அதை விட்டுக்கொடுக்கிறேன்.

அளவுகோல்:
தொங்கவிடுவதைப் பற்றி யாரும் விரிவாகப் பேசவில்லை. பெரிதாக்கும்போது நீளம் இருபது மடங்கானால் மேற்பரப்பு 400 மடங்கும் கன அளவு 8000 மடங்கும் ஆகும். உருவம் பெருகப் பெருக எடை வலிமையை முந்திக்கொண்டு ஓடும் என்பதைக் கலிலியோ 1638 இலேயே விளக்கியிருக்கிறார். அந்தப் பாதிப் பென்சில் 2 கிராம் இருந்தால், உள்ளே திண்ணமாகச் செய்த உங்கள் பென்சில் 16 கிலோ இருக்கும். நெளிதாள் அவர்கள் சொன்ன உள்ளீடற்ற கூடு, தட்டுகள், வண்ணம் எல்லாம் சேர்ந்தும் பெரும்பாலும் ஒரு கிலோவுக்குள்தான் நிற்கும். காகித அடுக்கு வேலையில் ஆர்வம் மிகுந்து அடுக்கைக் கூட்டுபவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

கயிற்றை மேல்தோலில் துளையிட்டுக் கட்டாதீர்கள். நாளடைவில் துளை கிழிந்து நீளும். கூட்டை மூடுமுன் இரண்டு குறுக்குத் தட்டுகளை இரட்டை அட்டையாக்கி, அவற்றின் அடியில் ஒரு மரக்குச்சியைக் குறுக்கே வைத்து, கயிற்றை அந்தக் குச்சியில் கட்டி வெளியே எடுங்கள். கூம்புப் பக்கம் எடை குறைவு என்பதால் நடுப்புள்ளி மழுங்கிய முனையின் பக்கம் சற்றுத் தள்ளியிருக்கும்; பென்சிலைக் கைவிரலில் நிறுத்திப் பார்த்து அந்த இடத்தைக் குறித்துக்கொண்டு, அதற்கு இருபுறமும் சம தூரத்தில் தொங்குபுள்ளிகளை வையுங்கள். மீன்பிடி நரம்பு கண்ணுக்குத் தெரியாது என்பதால் பலரும் விரும்புவார்கள். அதில் சாதாரண முடிச்சு வழுக்கிக்கொண்டு அவிழும். கூடுதல் சுற்றுப் போட்டு, ஈரப்படுத்தி இறுக்கிய முடிச்சுதான் நிற்கும். மின்விசிறியின் வீச்சுக்குள் எதுவும் வரக் கூடாது. ஒற்றைப் புள்ளியில் கட்டினால் பென்சில் நாள் முழுதும் சுழன்றுகொண்டே இருக்கும், படிக்க வந்தவர்களுக்குத் தலை சுற்றும்.

தூரிகை:
வண்ணத்தைப் பற்றி ஒரு வரி. பென்சிலின் மேற்பூச்சு வழுவழுப்பானது. அதில் தூரிகைக் கோடு தெரிந்தால் பார்ப்பவர் கண் உடனே உண்மையான அளவுக்கு இறங்கிவிடும். நுரை உருளையால் மெல்லிய மூன்று பூச்சு, நடுவில் நய உப்புத்தாளால் தேய்ப்பு, கடைசியில் பளபளப்பு மெருகு. மரம் தெரியும் கூம்பில் மட்டும் மெருகு வேண்டாம். அங்கே தூரிகைக் கோடுகள் மர வரிகளாகவே உதவும்.

ஊசிநூல்:
பதினெட்டு நாள்களுக்குப் பிறகு எழுதுகிறேன். பென்சில் தொங்குகிறது. முதல் முறை நாக்குகளைத் தலைகீழாக வெட்டி, மரம் வண்ணத்துக்குள் நீளும்படி செய்துவிட்டேன். ஒட்டி முடிக்கும் வரை ஏதோ சரியில்லை என்று தோன்றியதே தவிரக் காரணம் தெரியவில்லை. மேசையில் இருந்த பென்சிலை எடுத்துப் பக்கத்தில் பிடித்தபோதுதான் விளங்கியது. முனைப்பகுதியை அறுத்து மீண்டும் செய்தேன். நூல்கண்டுக்கு 138 மீ. போதவில்லை; சாய்வாகவும் ஏறியும் சுற்றியதில் கூடுதலாகப் பத்து மீட்டருக்கு மேல் தேவைப்பட்டது. பசைக்குடம் ஐயா சொன்ன அந்த வெட்டு உண்மையிலேயே வேலை செய்கிறது. பொத்தான்களில் ஒன்று மட்டும் வளைந்துவிட்டது, அவசரத்தில் ஒரு பக்கத்தை மறந்ததன் பலன். அதைச் சுவரில் உயரமான இடத்தில் மாட்டிவிட்டேன்.

நானாகச் சேர்த்தது ஒன்று உண்டு. பென்சிலின் மழுங்கிய முனையில், காகித அடுக்கு ஈரமாக இருந்தபோதே உள்ளங்கையால் அழுத்தி, கடித்த தடங்களை உண்டாக்கினேன். பல் ஒன்று 5 மி.மீ. அகலம் என்று வைத்து ஒவ்வொரு தடமும் 10 செ.மீ. அகலம். நேற்று அறைக்கு வந்த ஐந்து வயதுச் சிறுமி பென்சிலை நெடுநேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, "இதைக் கடிச்சவங்க எங்கே?" என்று கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

அடுத்து, பென்சிலின் அடியில் தரையில் கிடக்கும் சீவல் ஒன்று செய்ய விரும்புகிறேன். அதற்கு என்ன வெட்டு?

கத்தரி:
கூம்பின் தாளிலிருந்தே வரும். அதே 41.2 செ.மீ. வட்டத்துண்டின் வெளி ஓரத்தில் 10 செ.மீ. அகலப் பட்டையை வளைவாக வெட்டி, அதே வளைவில் நான்கைந்து பட்டைகளை ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டி நீட்டுங்கள். நாக்குகள் இருக்கும் வெளி ஓரத்தை மட்டும் மஞ்சளாக்கி, ஈரம் இருக்கும்போதே விசிறி போலச் சுருட்டிக் கட்டிக் காயவிடுங்கள். நாக்கு எந்தப் பக்கம் என்று இந்த முறை பென்சிலைப் பார்த்துவிட்டு வெட்டுங்கள்.